அம்பத்தூரில் 13 ஆண்டுகள் ஒரே தொழிற்சாலை: லிங்க்ட்இன் வழியாகத் தொடர்புகளை வளர்ப்பது எப்படி?

கொரட்டூர்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு வயது 37. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் பெற்று, பின்னர் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக பி.இ. முடித்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வாகனங்களுக்கான அலுமினிய வார்ப்பு உதிரிப் பாகங்களைச் செய்யும் ஒரு நிறுவனத்தில் 13 ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். தீபாவளிக்குப் பிறகு எங்கள் பிரிவில் இரண்டு லைன்கள் நிறுத்தப்பட்டுவிட்டன. யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. ஆனால் இரவு ஷிஃப்ட் இல்லை, ஓவர்டைம் இல்லை, ஒப்பந்தத் தொழிலாளர்களில் பாதிப் பேரைக் காணவில்லை. மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். நிர்வாகம் வாய் திறக்கும் வரை காத்திராமல் இப்போதே ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த வேலை எனக்குக் கிடைத்த விதத்தைச் சொன்னால்தான் என் குழப்பம் உங்களுக்குப் புரியும். என் மாமாவுக்குத் தெரிந்த சூப்பர்வைசர் ஒருவர், திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குச் சான்றிதழ்களோடு கேட்டருகே வந்து நிற்கச் சொன்னார். போய் நின்றேன், அன்றே உள்ளே கூப்பிட்டார்கள். அதன் பிறகு வேலை தேடவேண்டிய அவசியமே வரவில்லை. நான்கு மாதங்களுக்கு முன்பு நண்பர் ஒருவரின் யோசனைப்படி வேலைத் தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்கினேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர்ப் பக்கம் உள்ள நிறுவனங்களின் மேலாளர்களைத் தேடித் தேடி ஏறத்தாழ 180 பேருக்கு இணைப்பு வேண்டுகோள் அனுப்பினேன். 41 பேர் ஏற்றார்கள். ஏற்ற அனைவருக்கும் கீழ்க்கண்ட செய்தியை அனுப்பினேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் 13 ஆண்டு அனுபவமுள்ள தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். தங்கள் நிறுவனத்தில் பொருத்தமான வாய்ப்பு இருந்தால் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டுகிறேன். ரெஸ்யூமே இணைத்துள்ளேன்."

இருவர் பதில் எழுதினார்கள். ஒருவர், நிறுவனத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்குமாறு சொன்னார். மற்றொருவர், தாம் ஆளெடுக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்றும், ஆவணச் சரிபார்ப்புக்கு 3,500 ரூபாய் கட்டினால் அடுத்த வாரமே நேர்காணல் என்றும் சொன்னார். நான் கட்டவில்லை.

இந்தத் தளம் ராஜீவ் காந்தி சாலையில் மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் பயன்படுமா? முன்பின் தெரியாதவருக்குக் கையேந்துவதுபோல் இல்லாமல் எழுதுவது எப்படி? என் மேலாளரும் அந்தத் தளத்தில் இருக்கிறார். நான் வேலை தேடுவது அவருக்குத் தெரியாமல் இருக்க வழி உண்டா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கிண்டி மனிதவளம்:

வணக்கம் அண்ணா. நான் ஒன்பது ஆண்டுகளாக உற்பத்தித் துறை நிறுவனங்களுக்கு ஆளெடுக்கும் பணியில் இருக்கிறேன். முதலில் அந்த 3,500 ரூபாய் விஷயம். நேர்காணலுக்காகவோ சரிபார்ப்புக்காகவோ வேலை தேடுபவரிடம் பணம் கேட்பவர் எவராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர்தான். அந்தக் கணக்கைத் தளத்திலேயே புகார் செய்துவிடுங்கள். இதைப் படிப்பவர்களில் யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவில் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை இடைவழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

இனி, என் பக்கத்திலிருந்து பார்த்தால் நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்பதைச் சொல்கிறேன். ஒரு நிறுவனம் தர மேலாளர் வேண்டும் என்று கேட்டால், நான் தேடும் கட்டத்தில் "அனுபவமுள்ள பொறியாளர்" என்று தட்டச்சு செய்வதில்லை. "பிரஷர் டை காஸ்டிங்", "லீக் டெஸ்ட்", "பி.பி.ஏ.பி." (பாகங்களுக்கு வாடிக்கையாளரிடம் ஒப்புதல் பெறும் நடைமுறை), "ஐ.ஏ.டி.எஃப். 16949" (வாகனத் துறைத் தரநிலை), "சி.எம்.எம்." (முப்பரிமாண அளவீட்டு இயந்திரம்) என்று, அந்தத் தொழிற்சாலைக்குள் அன்றாடம் புழங்கும் சொற்களைத்தான் போடுகிறேன். அந்தச் சொற்கள் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால், 13 ஆண்டுகள் அந்த வேலையையே செய்திருந்தாலும் என் திரைக்கு நீங்கள் வரமாட்டீர்கள். பெயருக்குக் கீழே உள்ள தலைப்பு வரியில் 220 எழுத்துகள் வரை இடமுண்டு. பெரும்பாலானோர் அதில் பதவியையும் நிறுவனத்தையும் மட்டும் எழுதி விட்டுவிடுகிறார்கள். நீங்கள் எந்தப் பாகங்களைச் சோதித்தீர்கள், எந்த வகை வாடிக்கையாளர் தணிக்கைகளைச் சந்தித்தீர்கள், எதைக் குறைத்தீர்கள் என்பது அந்த வரியிலேயே தெரிய வேண்டும்.

மேலாளருக்குத் தெரியாமல் தேடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். "வேலைக்குத் தயார்" என்று காட்டும் வசதியில் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று, படத்தைச் சுற்றிப் பச்சை வளையத்துடன் எல்லோருக்கும் தெரிவது. அதை நீங்கள் தொடவேண்டாம். மற்றொன்று, ஆளெடுப்பவர்களுக்கு மட்டும் தெரிவது. இந்த இரண்டாவது நிலையில், உங்கள் சொந்த நிறுவனத்தின் ஆளெடுப்பவர்களுக்குத் தெரியாமல் மறைக்கத் தளம் முயல்கிறது, ஆனால் முழு உத்தரவாதம் தருவதில்லை. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். பக்கத்தைத் திருத்துவதற்கு முன்பு, மாற்றங்களைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிக்கும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள். ஒரே இரவில் பத்துத் திருத்தங்கள் செய்து, மறுநாள் காலை கேண்டீனில் "என்னப்பா, வேறு இடம் பார்க்கிறாயா?" என்று கேட்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

பதில் வராமல் கிடக்கும் பழைய வேண்டுகோள்களைத் திரும்பப் பெற்றுவிடுங்கள். அதிகமானவை ஏற்கப்படாமல் நின்றால் தளமே உங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கக்கூடும். ஒருமுறை திரும்பப் பெற்றால் அதே நபருக்கு மூன்று வாரங்களுக்கு மீண்டும் அனுப்ப இயலாது. அந்த இடைவெளி உங்களுக்கு நல்லதுதான்.

பழைய பட்டறைக்காரர்:

தம்பி, நான் ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. கொள்முதல் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். லிங்க்ட்இன் 2003ஆம் ஆண்டுதான் பயன்பாட்டுக்கு வந்தது. எங்கள் காலத்தில் அதன் இடத்தில் விசிட்டிங் கார்டு ஆல்பம் இருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர்கள் சங்கம் நந்தம்பாக்கத்தில் நடத்தும் இயந்திரக் கருவிகள் கண்காட்சிக்குப் போய் ஒரு பை நிறைய அட்டைகளோடு திரும்புவோம். அவற்றுள் எது பயன்பட்டது என்று இப்போது நினைத்துப் பார்த்தால், அட்டையின் பின்புறம் நான் கையால் எழுதி வைத்தவை மட்டும்தான். "உள்விட்டக் கேஜ் பற்றிப் பேசினோம், விலைப்பட்டியல் அனுப்புவதாகச் சொன்னார்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்ததால்தான் ஆறு மாதம் கழித்து அவரை அழைத்து என்னை நினைவுபடுத்த முடிந்தது.

நீங்கள் 180 பேருக்கு அனுப்பிய பட்டியலில் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர் ஒருவராவது இருக்கிறாரா? எனக்கு அதுதான் உறுத்துகிறது. 13 ஆண்டுகளில் உங்கள் இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள்! தணிக்கைக்கு வந்த வாடிக்கையாளர் நிறுவனத்துப் பொறியாளர்கள், ஆண்டுதோறும் கருவிகளை அளவுத்திருத்தம் செய்ய வந்த ஆய்வுக்கூடத்துக்காரர்கள், அச்சு செய்து கொடுத்த டூல்ரூம் உரிமையாளர்கள், உங்களிடம் அப்ரண்டிஸாக இருந்துவிட்டு வேறு இடத்துக்குப் போன பையன்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஆண்டுவாரியாக யோசித்து, பெயர்களை எழுதுங்கள். பிறகு அந்தப் பெயர்களைத் தளத்தில் தேடுங்கள். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால் நீங்களே வியப்பீர்கள். உங்களிடம் வெர்னியர் பிடிக்கக் கற்றுக்கொண்ட பையன் இன்று எங்கோ சப்ளையர் தரப் பொறியாளராக இருப்பான்.

நான் 1998இல் நிறுவனம் மாறியது அளவுத்திருத்தம் செய்ய வந்த ஒருவர் மூலமாகத்தான். அவர் வரும்போதெல்லாம் கேஜ்களைத் துடைத்து, வரிசை எண்படி அடுக்கி, பட்டியலோடு தயாராக வைத்திருப்பேன். அதைத் தவிர அவருக்கு நான் எதுவும் செய்ததில்லை. "அவர் மேசை சுத்தமாக இருக்கும்" என்று அவர் வேறொரு தொழிற்சாலையில் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை அங்கே கூப்பிட வைத்தது.

தரமணி ஆசிரியர்:

ஐயா சொன்னதற்கு ஆய்வு வழியான சான்றும் இருக்கிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை ஒன்றில், பாஸ்டன் நகருக்கு அருகில் அண்மையில் வேலை மாறியிருந்த தொழில்முறைப் பணியாளர்களிடம் கேட்டறிந்ததை எழுதியிருந்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், வாரத்துக்கு இரண்டு முறையாவது சந்திக்கும் நெருக்கமானவரால் பெற்றவர்கள் 16.7 விழுக்காடு மட்டுமே. அவ்வப்போது சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் 55.6 விழுக்காடு. ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்க்கும் ஒருவரால் பெற்றவர்கள் 27.8 விழுக்காடு. காரணம் எளிது. நம்மோடு தினமும் டீ குடிப்பவருக்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்திருக்கும். ஓசூரில் ஒரு புதிய லைன் தொடங்கப்போகிறது என்ற செய்தி, அம்பத்தூர் டீக்கடைக்கு வெளியே நிற்பவரிடமிருந்துதான் வரும்.

ஆனால் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிடக் கூடாது. 2022ஆம் ஆண்டு அறிவியல் இதழான சயின்ஸில், லிங்க்ட்இன்னில் ஐந்து ஆண்டுகளாக 2 கோடிப் பேரைக் கொண்டு நடத்தப்பட்ட சோதனைகளின் முடிவு வெளியானது. அளவோடு தளர்ந்த அறிமுகங்களே வேலை மாற்றத்துக்கு மிகவும் உதவின என்றும், பெயரளவிலான அறிமுகங்களால் அந்த அளவுக்குப் பயனில்லை என்றும் அது காட்டியது. மென்பொருள் சார்ந்த, எண்முறைத் துறைகளில் தளர்ந்த தொடர்புகள் கூடுதலாக உதவின. மென்பொருளை அதிகம் சாராத துறைகளிலோ நெருக்கமான தொடர்புகளே கூடுதலாக உதவின. தொழிற்சாலையில் வேலை செய்பவர் இந்தக் கடைசிச் செய்தியைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ராஜீவ் காந்தி சாலைக்காரர்களுக்கு வேலை செய்யும் முறையை அப்படியே எடுத்து ஒரகடத்தில் பயன்படுத்தினால் பலன் குறையும். இந்தத் தளத்தில் ஆளைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்த பிறகு தொலைபேசியிலோ நேரிலோ தொடருங்கள்.

இன்னொன்று. நீங்கள் படித்த கல்லூரியின் பக்கத்துக்குப் போனால், முன்னாள் மாணவர்கள் என்ற பகுதி இருக்கும். அதில் ஊர், நிறுவனம், பணி வகை வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். பெரிய கல்லூரிகளில் படித்தவர்கள்தான் இதைப் பயன்படுத்துகிறார்கள். பாலிடெக்னிக்கில் படித்தவர்கள் ஏனோ கூச்சப்படுகிறார்கள். கூச்சத்துக்கு அங்கே இடமே இல்லை. ஒரே பணிமனையில் ஃபைலிங் பழகியவர்கள் என்ற உறவு மிகவும் உறுதியானது.

தாம்பரம் சகோதரி:

முன்பின் தெரியாதவர்களை முழுவதும் ஒதுக்கிவிட வேண்டாம் என்று நான் சொல்வேன். குழந்தைக்காக ஆறு ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு, கணக்குப் பிரிவு வேலைக்குத் திரும்பியவள் நான். நான் வேலையை விட்டபோது வாட் வரி இருந்தது. திரும்பி வந்தபோது ஜி.எஸ்.டி. எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் துறையையே விட்டுவிட்டிருந்தார்கள். ஆகவே தெரியாதவர்களுக்குத்தான் எழுதவேண்டியிருந்தது. நான் வேலை கேட்கவில்லை. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வரித் திருப்பீடு பார்க்கும் ஒரு பெண்மணிக்கு, "இந்த வேலைக்குத் திரும்ப வருபவர் முதலில் எதைப் படித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி எழுதினேன். மறுநாளே பத்து வரிகளில் பதில் வந்தது. அவர் சொன்னதைப் படித்து முடித்து, மூன்று வாரம் கழித்து, "நீங்கள் சொன்ன இரண்டாவது பகுதி எனக்கு மிகவும் உதவியது, நன்றி" என்று எழுதினேன். அந்த இரண்டாவது கடிதத்துக்குப் பிறகுதான் அவர் என் ரெஸ்யூமேயைத் தாமாகவே கேட்டார்.

வேலை கேட்டால் எதிரிலிருப்பவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவேண்டிய இக்கட்டில் மாட்டுகிறார். பெரும்பாலோர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிக் கேட்டால், சொல்வதில் அவர்களுக்கே ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. பெண்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு சொல்: வேலையைப் பற்றிய பேச்சு வேறு திசைக்குத் திரும்பினால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் உடனே தடுத்துவிடுங்கள். மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்கி நான் இருமுறை வருந்தியிருக்கிறேன்.

கொரட்டூர்வாசி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்பது பெயர்கள்தான் நினைவுக்கு வந்தன. பழைய தணிக்கைகளை ஆண்டுவாரியாக யோசிக்கத் தொடங்கியதும் 34 பெயர்கள் ஆகிவிட்டன. அவர்களில் 22 பேர் தளத்தில் இருக்கிறார்கள். ஐயா சொன்னதுபோலவே, 2016இல் என்னிடம் அப்ரண்டிஸாக இருந்தவர் இன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே மின்வாகன மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். அவருக்கு எழுதிய செய்தி இது; அனுப்பும் முன் பார்த்துச் சொல்லுங்கள்:

"வணக்கம் தம்பி. நலமா? நீங்கள் எங்களிடம் இருந்தபோது வாட்டர் பம்ப் ஹவுசிங்கில் கசிவு வந்து மூன்று இரவுகள் விழித்திருந்தோமே, நினைவிருக்கிறதா? இப்போது மோட்டார் பாகங்கள் பக்கம் இருக்கிறீர்கள் என்று பார்த்து மகிழ்ந்தேன். எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. உங்கள் நிறுவனத்தில் ஏதேனும் வாய்ப்பு இருந்தால் சொல்லவும்."

கிண்டி மனிதவளம்:

அண்ணா, முதல் நான்கு வாக்கியங்கள் மிகவும் நன்றாக இருக்கின்றன. "நலமா?" என்பதற்கு அடுத்து வரும் அந்தக் கசிவுச் செய்தியைப் படித்தவுடன் அவருக்கு அந்த இரவுகள் கண்முன் வந்துவிடும். கடைசி இரண்டு வாக்கியங்களில் மட்டும் பழைய கடிதம் திரும்பி வந்துவிட்டது. அவற்றை எடுத்துவிட்டு இப்படி முடித்துப் பாருங்கள்:

"மோட்டார் ஹவுசிங்கும் அலுமினிய வார்ப்புதானே, குளிர்விக்கும் நீர்ப்பாதை உள்ள பாகங்களுக்கு அங்கே கசிவுச் சோதனை எப்படிச் செய்கிறீர்கள்? நான் அந்தப் பக்கம் மாற நினைக்கிறேன், அதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். வசதியான நாளில் பத்து நிமிடம் பேசலாமா?"

மாற நினைக்கிறீர்கள் என்பதை மறைக்கவில்லை. அதேசமயம் அவரிடம் வேலையைக் கேட்கவும் இல்லை. பெட்ரோல் வண்டிப் பாகங்களில் நீங்கள் கற்ற நுண்துளைக் குறைபாடும் கசிவுச் சோதனையும் மின்வாகனத்திலும் அப்படியே தேவைப்படுகின்றன என்பது அந்த ஒரு கேள்வியிலேயே அவருக்கு விளங்கிவிடும். உங்கள் தலைப்பு வரியிலும் இதைச் சேர்த்துவிடுங்கள்.

முடிந்தால் மாதம் ஒருமுறை, தீர்த்துவைத்த ஒரு சிக்கலைப் பற்றிப் பத்து வரி எழுதிப் பதிவிடுங்கள். வார்ப்பில் காற்றடைத்த துளையையும் சுருக்கத்தால் வந்த துளையையும் எப்படிப் பிரித்தறிந்தீர்கள் என்று எழுதினால் போதும், துறையினர் நின்று படிப்பார்கள். வாடிக்கையாளர் பெயர், பாக எண், வரைபடம், நிராகரிப்பு எண்ணிக்கை ஆகிய எதுவும் அதில் வரக்கூடாது.

கொரட்டூர்வாசி:

நீங்கள் சொன்னபடியே மாற்றி அனுப்பினேன். அன்றிரவே அவர் அழைத்துவிட்டார். பத்து நிமிடம் என்று தொடங்கிய பேச்சு ஐம்பது நிமிடம் நீண்டது. அவர்களிடம் இப்போது காலியிடம் இல்லை. ஆனால் கசிவுச் சோதனையில் அவர்களுக்கும் ஒரு தொல்லை இருக்கிறதாம். வரும் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூரில் சந்திக்கலாம், தம்முடைய மேலாளரும் வரக்கூடும் என்றார். மற்ற 21 பேருக்கும் ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒருவருக்கு எழுத அரைமணி நேரம் ஆகிறது. சனிக்கிழமை போகும்போது, நாங்கள் செய்த பழைய கசிவு ஆய்வின் அறிக்கையை எடுத்துச் சென்று காட்டலாமா?

பழைய பட்டறைக்காரர்:

வேண்டாம் தம்பி. அந்த அறிக்கை உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது. இன்று அதை அவர்களிடம் காட்டுபவர், நாளை அவர்களுடையதை வேறொருவரிடம் காட்டுவார் என்றுதான் அந்த மேலாளர் நினைப்பார். ஒரு வெற்றுத் தாளும் பேனாவும் கொண்டுபோங்கள். அவர்களுடைய தொல்லையை முதலில் முழுவதும் கேளுங்கள். பிறகு ஒரு பொதுவான ஹவுசிங்கை நீங்களே வரைந்து, கசிவு எங்கே தொடங்கும் என்று நீங்கள் பார்ப்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.